கேட்காமல் வந்த படம்: சட்டம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது?

என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் தொடவில்லை. என்னவென்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லக்கா" என்றாள். டிபன் பாக்ஸை மூடிய பிறகுதான் சொன்னாள். முந்தின நாள் ராத்திரி பத்தே முக்காலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள். ஏதோ பார்சல் வரவேண்டியிருந்ததால் கூரியர்க்காரராக இருக்கும் என்று நினைத்துத் திறந்திருக்கிறாள். யாரோ ஒருவனின் ஆணுறுப்பு. காலையில் எழுந்து பார்த்தால் மூன்று இடத்திலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. நல்லவேளை, ராத்திரியே நடுங்கிக்கொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள்.

அன்று மாலை அவளும் அவள் அம்மாவும் ஒரு காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே வந்த முதல் கேள்வி, "படத்துல இருக்கிறது யாரு, தெரிஞ்ச பையனா?" இரண்டாவது, "நீ ஏதாவது அனுப்பினியாம்மா?" அதோடு சரி. நம்பரை பிளாக் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

'உனக்கு இது வேண்டும் என்று நீ கேட்டாயா?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து சட்டங்களை எடுத்துப் படித்தபோது புரிந்தது, அந்த நிலையத்தில் இருந்தவருக்கு மட்டும் வந்த தடுமாற்றம் இல்லை இது. உலகம் முழுக்கச் சட்டம் எழுதுகிறவர்களே இங்கேதான் தடுமாறுகிறார்கள். படம் எப்படிப்பட்டது என்று கேட்பதா, அனுப்பியவன் மனதில் என்ன இருந்தது என்று கேட்பதா, வாங்கியவள் சம்மதித்தாளா என்று கேட்பதா? எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து வழக்கே மாறிவிடுகிறது.

இந்தக் குற்றத்துக்கு ஆங்கில உலகத்தில் 'சைபர் ஃப்ளாஷிங்' என்று பெயர். தெருமுனையிலும் பேருந்திலும் ஆடையை விலக்கிக் காட்டிவிட்டுப் போகிறானே, அதே வேலையைப் போன் வழியாகச் செய்வது. பெயர் பரவலானது 2015-ல். லண்டனில் ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் ஐபோனில் ஏர்டிராப் (பக்கத்தில் இருக்கும் ஆப்பிள் கருவிக்குப் படம் அனுப்பும் வசதி) வழியாக ஒரு படம் வந்தது. அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். உடனே இன்னொன்று வந்தது. பிரிட்டிஷ் போக்குவரத்துக் காவல்துறையிடம் போனார். அவர்களுக்கு இப்படியொரு புகார் வருவது அதுதான் முதல் தடவை. ஏர்டிராப்புக்கு நம்பர் தேவையில்லை, அறிமுகம் தேவையில்லை, சில மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் போதும். 'எல்லாரும் அனுப்பலாம்' என்று செட்டிங்கில் இருந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இதில் மோசமானது என்னவென்றால், 'ஏற்கவா, மறுக்கவா' என்று போன் கேட்கும்போதே படத்தின் சின்ன உருவத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். மறுப்பதற்குள் கண்ணில் பட்டுவிடுகிறது. மறுத்துவிட்டால் படம் போனில் சேராது, ஆகவே காட்டுவதற்குச் சாட்சியமும் இருக்காது.

அந்த ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அனுப்பியவன் அதே பெட்டியில் இருக்கிறான். உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரென்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் அவனும் இறங்குவானோ என்று தெரியாது. 'வெறும் படம்தானே' என்று சொல்கிறவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறையாவது யோசித்திருக்கமாட்டார்கள். ஆப்பிள் இந்த 'எல்லாரும்' வசதியைப் பத்து நிமிடத்துக்குமேல் திறந்திருக்காதபடி மாற்றியது 2022 கடைசியில். முதல் புகாருக்குப் பிறகு ஏழு ஆண்டுகள்.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரே ஒரு தகவல் சொல்கிறேன். இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2021-ல் மாணவர்களிடம் பேசியது. தங்களுக்கு அல்லது தங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு, விரும்பாத ஆபாசப் படங்களோ வீடியோக்களோ வருவது அடிக்கடி அல்லது சில சமயங்களில் நடக்கிறது என்று சொன்ன பெண் பிள்ளைகள் கிட்டத்தட்ட 90 விழுக்காடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆண் பிள்ளைகளிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் அதையே சொன்னார்கள், அதையும் மறக்கக்கூடாது.

இங்கிலாந்தில் அதுவரை சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. நேரில் காட்டுவதற்கு 2003-ஆம் ஆண்டு பாலியல் குற்றங்கள் சட்டத்தில் பிரிவு 66 இருந்தது. தீய நோக்கத்தோடு கடிதம், செய்தி அனுப்புவதற்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், தொலைத்தொடர்புச் சட்டம் ஒன்றும் இருந்தன. ஆனால் அந்தச் சட்டங்கள் இதைப் பாலியல் குற்றமாகப் பார்க்கவில்லை; தவறான தகவல் தொடர்பு, அவ்வளவுதான். அப்படியென்றால் குற்றவாளியின் பெயர் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் ஏறாது. பாதிக்கப்பட்டவருக்குப் பாலியல் வழக்குகளில் கிடைக்கும் பாதுகாப்பும் கிடைக்காது. பிரிவின் பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம், ஆனால் இதெல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சட்ட ஆணையம் 2021 ஜூலையில் ஓர் அறிக்கை கொடுத்தது. இதைத் தனிப் பாலியல் குற்றமாக்குங்கள் என்றது. அதை வைத்து, 2023-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகப் பாலியல் குற்றங்கள் சட்டத்துக்குள் 66ஏ என்ற புதுப் பிரிவு நுழைந்தது. 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை. அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. (நம் ஊரில் 66ஏ என்றதும் 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு ஞாபகத்துக்கு வரும். அது வேறு, இது வேறு.) புதுப் பிரிவு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. படத்தில் இருப்பது யாருடைய உறுப்பு என்பது முக்கியமில்லை. கணினியில் உருவாக்கிய படமாக இருந்தாலும், புகைப்படம்போலத் தோன்றினால் குற்றம்தான். 'படத்துல இருக்கிறது யாரு' என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

நடைமுறைக்கு வந்து பத்தே நாளில் முதல் வழக்கு. எசெக்ஸ் பகுதியில் ஒருவர் 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி ஒரு பெண்ணுக்கும் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கும் படம் அனுப்பினார். அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றே காவல்துறையிடம் கொடுத்தார். மார்ச் 19-ஆம் தேதி தீர்ப்பு, 66 வாரச் சிறை. முந்தைய நீதிமன்ற உத்தரவுகளை மீறியதற்கான தண்டனையும் அதில் சேர்ந்திருக்கிறது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருந்தவர். குற்றத்துக்கும் தண்டனைக்கும் நடுவே ஆறு வாரம்கூட இல்லை. சாட்சியம் கையில் இருந்து, காவல்துறையும் மனம் வைத்தால் இது நடக்கக்கூடிய காரியம்தான்.

ஆனால் பிரிவு 66ஏ-வில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைப் பற்றித்தான் அங்கே பெரிய சண்டையே நடந்தது. படத்தை அனுப்பினான் என்று நிரூபித்தால் போதாது. பார்ப்பவருக்குப் பயமோ வேதனையோ அவமானமோ வரவேண்டும் என்ற எண்ணத்தோடு அனுப்பினான் என்று நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால், தன் பாலியல் இன்பத்துக்காக, அவருக்கு வேதனை வருமா வராதா என்பதைப் பொருட்படுத்தாமல் அனுப்பினான் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டில் எதுவுமில்லை என்றால் வழக்கு நிற்காது.

சரி, இப்போது ஒரு பையன் நண்பர்களோடு ரயிலில் போகிறான். பந்தயம் கட்டி, எதிரில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு படத்தைத் தட்டிவிடுகிறான். நண்பர்கள் சிரிக்கிறார்கள். மாட்டிக்கொண்டதும் 'விளையாட்டுக்குப் பண்ணினேன் சார், அவங்களைப் பயமுறுத்தணும்னு நினைக்கல' என்கிறான். பாலியல் இன்பத்துக்காகவும் இல்லை, நண்பர்கள் முன்னால் வீரம் காட்டுவதற்காக. இந்தச் சட்டத்தில் அவன் நழுவிப் போக வழி இருக்கிறது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் கிளேர் மெக்லின் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்: அனுப்பியவனின் நோக்கத்தைத் தேடாதீர்கள், வாங்கியவரின் சம்மதம் இருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். சம்மதம் மட்டும் போதும் என்று வைத்தால் வலை அகலமாகிவிடும், டேட்டிங் செயலியில் பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் அசட்டுத்தனமாகத் தப்புக் கணக்குப் போட்டு அனுப்பியதுகூடக் குற்றமாகிவிடும், அறிவில்லாத செயலுக்கெல்லாம் பாலியல் குற்றவாளி முத்திரை குத்தலாமா என்பது அவர்கள் கேள்வி. பொருட்படுத்தவேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மற்றப் பாலியல் குற்றங்களில் 'சம்மதம் இருக்கிறது என்று நியாயமாக நம்பினேன்' என்ற எதிர்வாதத்துக்கு இடம் உண்டு. அதே வாசலை இங்கேயும் வைத்தால், உண்மையாகவே தப்புக் கணக்குப் போட்டவன் தப்பித்துக்கொள்வான். முன்பின் தெரியாத பெண்ணுக்கு ராத்திரி பத்தே முக்காலுக்கு அனுப்பியவன் அந்த வாசலில் நுழையவே முடியாது. அனுப்புவதற்குமுன் 'அனுப்பட்டுமா' என்று இரண்டு விரலால் தட்டிக் கேட்க ஐந்து வினாடி போதும். அந்த ஐந்து வினாடியைச் சட்டம் கட்டாயமாக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்திலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2021 மார்ச்சில் லண்டனில் சாரா எவராட் என்ற பெண்ணைக் கடத்திக் கொன்றவன் வெய்ன் கசன்ஸ், அப்போது காவல்துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி. அந்தக் கொலைக்கு முந்தைய மாதங்களில் அவன் ஒரு பெண் முன்னால் ஆடையில்லாமல் நின்றிருக்கிறான், ஒரு துரித உணவுக் கடையில் ஊழியர்களிடம் காட்டியிருக்கிறான். புகார் போயிருந்தது. உரிய வேகத்தில் விசாரணை நடக்கவில்லை. காட்டுகிற எல்லாரும் கொலை செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை, அது பொய். ஆனால் 'காட்டினான், அவ்வளவுதானே' என்று கோப்பைத் தள்ளி வைக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி. அதைப் பற்றி எலிஷ் ஆஞ்சலினி தலைமையில் நடந்த விசாரணையின் 2024 அறிக்கை இந்த அலட்சியத்தைத் தனியாகச் சுட்டிக்காட்டியது.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்து 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பாலியல் படத்தை ஒருவரின் சம்மதமில்லாமல் பார்க்கவைப்பதைக் குற்றமாக்கிவிட்டது. அங்கே சம்மதமும் கேட்கப்படும், நோக்கமும் கேட்கப்படும். சிங்கப்பூரும் 2020 ஜனவரி முதல் அதே பாதையில்தான், தண்டனைச் சட்டத்தில் 377பிஎஃப் என்ற பிரிவு, ஓராண்டு வரை சிறை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2019-ல் நோக்கத்தை முழுக்க விட்டுவிட்டது: கேட்காமல், வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அனுப்பினாயா, குற்றம். கேள்வி ரொம்பத் தெளிவு, ஆனால் தண்டனை அதிகபட்சம் 500 டாலர் அபராதம்தான், போக்குவரத்து விதியை மீறியதற்குக் கட்டுவதுபோல. அந்தச் சட்டத்துக்காக முன்னால் நின்றது பம்பிள் என்ற டேட்டிங் செயலி நிறுவனம். கலிபோர்னியாவில் 2023 முதல் அனுப்பியவன்மேல் பாதிக்கப்பட்டவரே நஷ்டஈட்டு வழக்குப் போடலாம், 1,500 முதல் 30,000 டாலர் வரை. வக்கீலுக்குக் கொடுக்கக் காசும், அனுப்பியவனின் பெயரும் முகவரியும் கையில் இருப்பவர்களுக்கு அது உதவும்.

இனி இந்தியா. இங்கே சைபர் ஃப்ளாஷிங் என்று தனிக் குற்றம் கிடையாது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துப் பலர் புகார் கொடுக்காமல் விடுகிறார்கள், அது தவறு.

எல்லாரும் முதலில் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67. ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிட்டாலோ அனுப்பினாலோ முதல் தடவைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டுவதென்றால் 67ஏ, ஐந்து ஆண்டு, பத்து லட்சம். தண்டனையைப் பார்த்தால் பலமாகத்தான் தெரிகிறது. ஆனால் 67 கேட்கும் கேள்வி என்ன? படம் காம இச்சையைத் தூண்டுகிறதா, பார்ப்பவர் மனதைக் கெடுக்கக்கூடியதா? அவீக் சர்க்கார் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், நிர்வாணப் படம் என்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது, இச்சையைத் தூண்டும் தன்மை இருக்கவேண்டும், இன்றைய சமூகத்தின் அளவுகோலில் பார்க்கவேண்டும் என்று சொன்னது. கலைக்கும் பத்திரிகைக்கும் அது நல்ல தீர்ப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே அளவுகோலை என் பக்கத்து இருக்கைப் பெண்ணின் போனுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அந்தப் படம் அவளுக்கு எந்த இச்சையையும் தூண்டவில்லை. வாந்தி வந்தது, கதவைப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். அவளுக்கு நடந்த தீங்கை அளக்க அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பிரிவு சமூகத்தின் ஒழுக்கத்தைக் காப்பாற்ற எழுதப்பட்டது, அவளைக் காப்பாற்ற எழுதப்பட்டது இல்லை. அதனால்தான் நிலையத்தில் 'நீ அனுப்பினியா' என்ற கேள்வி அவ்வளவு சுலபமாக வருகிறது. ஒழுக்கம் என்று ஆரம்பித்துவிட்டால் விசாரணை இரண்டு பக்கமும் திரும்பும்.

சம்மதத்தைக் கேட்கும் பிரிவு ஒன்று நம்மிடம் இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்முறைக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2013-ல் வந்த திருத்தம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 354ஏ என்று சேர்ந்தது, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 75. ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக ஆபாசப் படத்தைக் காட்டுவது பாலியல் துன்புறுத்தல், மூன்று ஆண்டு வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'விருப்பத்துக்கு மாறாக'. அவன் ஏன் காட்டினான் என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. இங்கிலாந்துப் பெண்கள் கேட்டு வாங்க முடியாத அந்தக் கேள்வி நம் சட்டப் புத்தகத்தில் பத்து வருடத்துக்குமேலாக உட்கார்ந்திருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. அங்கே 'போர்னோகிராஃபி' என்ற சொல்லுக்கு வரையறை இல்லை, ஒரே ஓர் உறுப்பின் படம் அதில் அடங்குமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார். அனுப்புவதும் காட்டுவதும் ஒன்றா என்றும் கேட்பார். அப்படிக் கேட்டால் துணைக்குப் பிரிவு 79 இருக்கிறது, பழைய 509. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் எண்ணத்தில் சொல், சைகை, எந்த வடிவிலாவது காட்டும் பொருள் எல்லாம் அதில் வரும், மூன்று ஆண்டு வரை. ஆனால் அங்கே மறுபடியும் நோக்கத்தை நிரூபிக்கும் சுமை வந்துவிடுகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டத்தின் பிரிவு 11, 12 இருக்கின்றன. அங்கே குழந்தை ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை.

வயது வந்த ஆணுக்கு இது நடந்தால்? 75-ம் 79-ம் பெண்ணுக்கு மட்டும். மிஞ்சுவது பெரும்பாலும் அந்த 67 போன்ற ஆபாசப் பிரிவுகள்தான். இது பெரிய ஓட்டை, யாரும் அதிகம் பேசாத ஓட்டை.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லவேண்டும். பிளாக் செய்வதற்குமுன் சாட்சியத்தை எடுங்கள். படத்தை மட்டும் எடுத்தால் போதாது, நம்பரும் தேதியும் நேரமும் தெரியும்படி அரட்டைத் திரையை எடுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கித் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'யாருடி இவன்' என்று கேட்பதற்காகத் தோழிகளுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள், 67-ல் அனுப்புவதும் குற்றம் என்பதால் தேவையில்லாத சிக்கல் வரும். நேரில் காட்டுங்கள், அது போதும். போனை ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலப் போன் உங்களிடம் இருப்பது நல்லது. சைபர்கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நிலையத்துக்குப் போனால் 'எங்கள் எல்லைக்குள் வராது' என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள்.

என் பக்கத்து இருக்கைப் பெண்ணின் முதல் மனுவை வாங்கிப் பார்த்தேன். 'ஆபாசமான, அருவருப்பான, சொல்லவே கூசுகிற படங்கள்' என்று ஒரு பக்கம் முழுக்கப் படத்தையே வர்ணித்திருந்தாள், பாவம், அப்படி எழுதினால்தான் நம்புவார்கள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். நம்பர், தேதி, இரவு 10.45, மூன்று படங்கள். கீழே தனி வரியாக, 'இவரை எனக்குத் தெரியாது. இந்தப் படங்களை நான் கேட்கவில்லை. என் விருப்பத்துக்கு மாறாக அனுப்பப்பட்டவை.' அதற்குக் கீழே பிரிவு 75. மறுநாள் அதே நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். அன்றைக்கு வேறொருவர் இருந்தார். மனுவை இரண்டு தடவை படித்தார், அந்தக் கடைசி வரியில் பேனாவை வைத்து அடிக்கோடு போட்டார், உள்ளே எடுத்துக்கொண்டு போனார். சி.எஸ்.ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கையில் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது.